அறுக்காமல் நடந்த பாடம்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு தவளை கண்ணாடி ஜாடிக்குள் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு அதை அறுத்துத்தான் பாடம் என்று சுவரிலிருந்த பல்லி அதனிடம் சொல்லியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல படம் காட்டியும் நடத்தலாமாமே, அண்ணே?" என்று தவளை கேட்டது.

"படத்தைப் பார்த்தா படிப்பு வருமா? நாலு வருஷமா இந்தச் சுவத்துல இருக்கேன். கத்தியை வச்சு அறுத்து, கண்ணால பார்க்கணும். அதுதான் அறிவியல்" என்றது பல்லி.

பெர்பெத்துவா டீச்சர் மாணவிகளோடு உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் ஒரு தவளையின் இதயம் பெரிதாகத் துடித்தது.

"இனிமே தவளையை அறுக்க வேண்டாம். இதுலயே பார்த்துக்கலாம்" என்றார்.

தவளைக்கு மூச்சு வந்தது. அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"நிஜமா ஒண்ணையாவது அறுத்துப் பார்க்கணும் டீச்சர். அந்தப் பல்லியைப் பிடிக்கட்டுமா?"

பல்லி ஒரே ஓட்டமாக டியூப்லைட்டுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

"தம்பி, படமே நல்லா தெளிவாத்தானே இருக்கு?" என்று அங்கிருந்து கெஞ்சியது.

"ரொம்பத் தெளிவா இருக்கு அண்ணே" என்றது தவளை.

"அதையும் விட்டுடும்மா, பாவம்" என்று டீச்சர் சிரித்தார். பாடம் முடிந்ததும் ஜாடியை எடுத்துப்போய்ப் பின்பக்கக் குட்டையில் கவிழ்த்தார்.

தவளை ஒரு முங்கு முங்கி எழுந்து, இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துத் தொண்டை புடைக்கக் கத்தியது. ஆய்வகம் வரைக்கும் அது கேட்டது. பல்லி மட்டும் அந்தக் கடைசி பெஞ்ச் மாணவி வெளியே போகும்வரை அசையவில்லை.