ஆசானோட கண்ணாடி

"இதுல ஏறப் பயப்படுற கையில என் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டாரு லோனப்பன் ஆசான்.

இரிஞாலக்குடையில டிரைவிங் ஸ்கூல் நடத்துறவரு. கார் பழக வர்ற பொம்பளைங்களை வருஷா வருஷம் ஒரு வேன்ல ஏத்தி, கொச்சிப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்குக் கூட்டிட்டு வந்துடுவாரு. ரோலர் கோஸ்டர்ல ஒரு சுத்து சுத்தினா ரோட்டுப் பயம் தெளிஞ்சுடும்ங்கிறது அவரோட சிலபஸ்.

சுத்துறது மத்தவங்கதான். அவரு ஒரு தடவைகூட ஏறினதில்லை. காரணம், சோடாபுட்டிக் கண்ணாடி. போட்டுக்கிட்டு ஏற விட மாட்டாங்க. கழட்டினா அவருக்குத் தலை சுத்தும். இந்தக் கண்ணு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா முன்வரிசையில நான்தான்னு வருஷத்துக்கொரு பெருமூச்சு விடுவாரு.

இந்த வருஷம் அவரு வாயில மாட்டினது ஷைனி. அவ வண்டியை எடுத்தா தெருமுனை தாண்டுறதுக்குள்ள குலுங்கி நின்னுடும். பக்கத்து சீட்டுல, தனக்குன்னு தனியா வச்சிருக்கிற பிரேக்கு மேல காலை வச்சுக்கிட்டு ஆசான் கத்துற கத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். பயந்தாங்கொள்ளின்னுதான் அவளைக் கூப்பிடுறதே.

ஷைனிக்கு லைசென்ஸ் அவசரம். மாமியாருக்கு டயாலிசிஸ். விடியக்காலையில ஆட்டோ கிடைக்கிறதில்லை. அது ஆசானுக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிட்டாரு.

"இதுல நீ ஏறலைன்னா செவ்வாய்க்கிழமை டெஸ்டுக்கு உன் பேரு கிடையாது."

ஷைனி வரிசையில அவருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, மேலே பாக்காம தரையையே பாத்துக்கிட்டிருந்தா.

"அண்ணாந்து பாக்கக்கூட தைரியம் இல்லை, பாரு"ன்னு கூடப் பழக வந்த சுலேகாகிட்ட சொல்லிச் சிரிச்சாரு ஆசான். தலைக்கு மேல வண்டி இரைச்சலோட இறங்கினப்ப மட்டும் பேச்சை நிறுத்தினாரு. அது போனதும் சிரிப்பை விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்தாரு.

கேட்டுக்குப் பக்கத்துல வந்ததும், எப்பவும் போல கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, தன்னால முடியாதுன்னு உச்சுக் கொட்டிட்டுத் திரும்பினாரு.

"சேட்டா, நில்லுங்க"ன்னாரு கேட்டுக்காரர். "இந்த வருஷம் பட்டை வாங்கியிருக்கோம்."

கொக்கியிலேர்ந்து ஒரு எலாஸ்டிக் பட்டையை எடுத்துக் காட்டினாரு. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் மாட்டி, பின்னந்தலையில இறுக்கிட்டா தலைகீழாத் தொங்கினாலும் விழாதாம். மத்த பட்டையெல்லாம் மேலே வண்டியில ஏறினவங்ககிட்ட இருக்காம், ஆசான் அதிர்ஷ்டத்துக்கு ஒண்ணு மிச்சமாம்.

பொம்பளைங்க கைதட்டிட்டாங்க. முன்வரிசை ஆசானுக்குத்தான்னு சுலேகா முடிவே பண்ணிட்டா. ஆசான் பட்டையைத் தொடாம ஒரு அடி பின்னால நகர்ந்தாரு.

அப்பதான் பின்னாடியிலேர்ந்து ஒரு கை நீண்டு, பட்டையைப் பறிச்சுது.

"இது எனக்கு"ன்னா ஷைனி. "நானும் பவர் கண்ணாடிதான். பட்டை இல்லாம ஏற மாட்டேன்."

"எடீ, ஆசான் முன்னாடி நிக்கிறாரு. ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?"ன்னா சுலேகா.

"டெஸ்டு எனக்கா, ஆசானுக்கா?"

எல்லாரும் முகத்தைச் சுளிச்சாங்க. ஆசான் மட்டும் சுளிக்கலை. தொண்டையைச் செருமிக்கிட்டு, "எடுத்துக்கட்டும். விட்டுக் கொடுக்கிறவன்தான் ஆசான்"ன்னாரு.

எல்லாரோட பையையும் வாங்கி மடியில வச்சுக்கிட்டு பெஞ்சில உக்காந்தாரு. ஷைனி கடைசியா வந்து தன் பையை மேலே வச்சுட்டு ஓடினா.

வண்டி ஏறிச்சு, கவுந்துச்சு, அலறிக்கிட்டே வந்து சேந்துச்சு. அதுக்குள்ள, தான் பட்டையைத் தியாகம் பண்ணின கதையைப் பக்கத்து பெஞ்சு குடும்பத்துக்கு ஆசான் சொல்லி முடிச்சிருந்தாரு.

இறங்கி வர்ற வழியில ஒரு டிவி. வண்டி உச்சியிலேர்ந்து விழுறப்ப தானா எடுத்த போட்டோ அதுல வந்துச்சு. அவங்கவங்க அவங்கவங்க மூஞ்சியைத் தேடிச் சிரிச்சாங்க. ஆசான் ஷைனியைத் தேடினாரு.

முன்வரிசையில இருந்தா. ரெண்டு கையும் மேலே, வாய் நிறையச் சிரிப்பு. பட்டை மணிக்கட்டுல சுத்தியிருந்துச்சு. மூக்கு மேல ஒண்ணும் இல்லை.

ஆசான் தன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை பாத்தாரு.

பையை வாங்க ஷைனி வந்தா. ஆசான் பட்டையைக் கொடுத்ததாலதான் ஏற முடிஞ்சதுன்னு சுலேகா காதுல விழுற மாதிரி சத்தமாவே சொன்னா. சுலேகா அந்தப் பக்கம் போனதும் ஆசான் மெதுவாக் கேட்டாரு.

"உன் கண்ணாடி எங்கே?"

"இவ்வளவு நேரம் உங்க மடியிலதான் இருந்துச்சு."

பையைத் திறந்து எடுத்து மாட்டிக்கிட்டா. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னா.

"வரிசையில நிக்கிறப்ப, ஒவ்வொரு தடவை வண்டி இறங்கும்போதும் உங்க வலது கால் தரையை ஓங்கி மிதிச்சுது ஆசானே."

ஆசான் குனிஞ்சு தன் காலைப் பாத்தாரு.

"நம்ம காருலயும் அந்தக் கால்தான் பிரேக்கை மிதிக்குது. நாளையிலேர்ந்து அதை மடக்கி வச்சுக்குங்க, வண்டி நிக்காது."