லிங்க்கின் வால்

"பாஸ்வேர்டை உங்க பொண்ணுதான் யாருக்கோ குடுத்திருக்கணும் சார். எங்க பக்கம் தப்பே இல்லை."

ஸ்ரீவில்லிபுத்தூரில் புகார் சொன்ன வீட்டு நாற்காலியில் உட்காரும் முன்பே பாண்டிச்செல்வம் சொல்லிவிட்டான். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்ட பொய் அது.

ரிட்டயர்டு ஏட்டு வீரணன் கொதித்தார்.

"ஏலே, என்ன பேசுத? எம்மக போன்ல இருந்து ஒங்க கல்யாண சைட்ல இருக்க அவ பக்கத்தோட லிங்க்கை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புனேன். அம்புட்டுதான். அவிய தட்டுனதும் எம்மக மெசேஜெல்லாம் தெறந்திருக்கு. நாலு எடத்துல வேண்டாம்னு கழிச்ச பொண்ணுன்னு அவிய ஊரு சேத்தூர் பூராவும் சொல்லி, நிச்சயத்தையும் நிறுத்திட்டாக!"

"வருத்தமாத்தான் இருக்கு சார். ஆனா பாஸ்வேர்டு..."

தப்பு எங்கே என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கல்யாண வெப்சைட்டைக் கட்டியவனே அவன்தான். உள்ளே வந்திருப்பது இன்னார் என்று சைட் ஞாபகம் வைத்துக்கொள்ள இரண்டு வழி உண்டு. அவரவர் போனிலேயே குக்கி என்று ஓர் அடையாளத்தைப் போட்டு வைக்கலாம். இல்லையென்றால் அந்த அடையாளத்தை லிங்க்கின் வாலில் ஒட்டிவிடலாம்.

கூட வேலை பார்க்கும் ஜெர்வின் அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"குக்கியே போடுவோம்ணே. வால்ல ஒட்டுனா, லிங்க் வாங்குறவன் கைக்கு வீட்டுச் சாவியும் சேர்ந்து போயிரும்."

"நெறைய பேரு குக்கியைத் தடுத்து வச்சிருக்கான்லே. லாகின் நிக்கலைன்னா வேற சைட்டுக்குப் போயிருவான். வேலையைப் பாரு."

அன்றைக்கு அப்படி ஜம்பமாகப் பேசியவனுக்கு இன்று வாயில் பொய்தான் வந்தது. முதலாளி ஹரிகிருஷ்ணன் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். "பொண்ணு தலையில போட்டுட்டு வா. பொண்ணைப் பெத்தவுக கேசு, கோர்ட்டுன்னு போகமாட்டாக. இல்லேன்னா உனக்கு நாளைக்கு வேலை இல்லை."

வீரணனின் மனைவி சுந்தரம்மாள் கேட்டாள். "எம்மக யாருக்குத் தம்பி குடுக்கப் போறா?"

"கூடப் படிச்ச பசங்க யாருக்காவது... அது எனக்கெப்படிம்மா தெரியும்?"

சொன்ன பிறகு அவனுக்கே கூசியது. நிலையருகே நின்ற மகள் யுவராணியை வீரணன் திரும்பிப் பார்த்த பார்வையில், இவன் சொன்னது வேலை செய்துவிட்டது தெரிந்தது.

யுவராணி முன்னால் வந்தாள்.

"பாஸ்வேர்டு இல்லாமலே தெறக்கும்ணே. எனக்குத் தெரியும்."

பாண்டிச்செல்வம் கேட்டான். "எப்படிம்மா?"

"மாப்பிள்ளை வீட்ல இருந்து எனக்கு வந்த லிங்க்லயும் அவரோட மெசேஜெல்லாம் அப்படியே தெறந்துச்சு. அவரைப் பத்தி ஒரு விஷயம் இருந்துச்சு. தெரிஞ்சா எந்தப் பொண்ணு வீடும் ஒதுங்கிக்கும். உடனே மூடிட்டேன்."

வீரணன் எழுந்தேவிட்டார். "என்ன விஷயம் ஏட்டி? சொல்லு! நம்ம மானத்தை வாங்குனவன் வண்டவாளம் சேத்தூருக்கும் தெரியட்டும்!"

"அது அவரு வாயால வரவேண்டியதுப்பா. எனக்கு அது தெரிஞ்ச பொறவுதான் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொன்னேன்."