முத்தல் இலை

எமல்டா நாக்கை நீட்டினாள்.

சும்மா நுனியை அல்ல. ரிங்லெட் அணைக்கட்டுத் தண்ணீரைத் தொட்டுவிடுகிற நீளத்துக்கு நீட்டினாள். அதுவும் யாரைப் பார்த்து? இன்னாசிமுத்து உபதேசியாரைப் பார்த்து!

லயத்து வீட்டு வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றிருந்தார் அவர். உடம்பு அப்படி. அவர் நுழைகிற வீட்டில் பகலிலேயே விளக்குப் போடவேண்டும் என்று தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள்.

உடம்பைவிடப் பெரிது அவருடைய ஞானம். மழை ஏன் பெய்தது, மண் ஏன் சரிந்தது, திரிங்காப் வளைவில் ஏன் அந்த முட்டைக்கோஸ் லோரி மட்டும் கவிழ்ந்தது, எல்லாவற்றுக்கும் கடவுளின் காரணத்தைக் கையோடு வைத்திருப்பார். கடவுளே காலையில் எழுந்ததும், "இன்னாசி, இன்றைக்கு நான் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று இவரைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார் போலும்.

அப்பேர்ப்பட்டவர் இன்று புகாரோடு வந்திருந்தார். எட்டு வயது எமல்டா மறைக்கல்விப் பக்கமே வருவதில்லை. பாட்டுக் குழுவிலிருந்தும் நின்றுவிட்டாள். போன ஞாயிறு, பூசை நடக்கும்போதே கச்சான் கடலை கொறித்தாள்.

நாக்கை நீட்டிய மகளை ரஞ்சிதம் அதட்டவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தாள்.

உபதேசியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே வந்து நாற்காலி முனகும்படி உட்கார்ந்தார்.

"புள்ள வளக்கிற லட்சணமாம்மா இது? இவ அண்ணன் மகேன் எப்படி இருந்தான்! பீடத்துல நின்னா சம்மனசு மாதிரிலா!"

மகேன் போன வருசம் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டான். அவன் அடக்கத்தன்று உபதேசியார் பேசிய பேச்சில் கம்போங் ராஜா ஊர் வரைக்கும் கண்ணீர் ஓடியது. கடவுள் நம் தேயிலை வெட்டுகிற மெஷின் மாதிரி கண்டபடி வெட்டமாட்டார், பார்த்துப் பார்த்துக் கையால் கிள்ளுவார், கொழுந்தை மட்டும்தான் கிள்ளுவார், முத்தல் இலையைத் தொடவே மாட்டார் என்றார். அதைப் பினாங்கில்கூடப் பேசிக்கொண்டார்களாம். சொன்னது அவரேதான்.

ரஞ்சிதம் அவரைப் பார்த்தாள். கோபமில்லை. வீட்டில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்கதாண்ணே சொன்னீங்க, அவரு கொழுந்தாப் பாத்துத்தான் கிள்ளுவாருன்னு. எனக்கு மிஞ்சுனது இவ ஒருத்திதான். இவ முத்தலாவே இருந்துட்டுப் போவட்டும்லா."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கலக்க உள்ளே போனாள்.

ஒரு மூச்சில் முப்பது புனிதர்களை இழுக்கிறவர் கைக்குட்டையைத் தேடினார்.

மலைக்குளிரில் அவருக்குக் கழுத்து வேர்த்தது. கொழுந்து விஷயத்தை அவருக்கு யார் சொன்னது? அடக்கத்தன்று காலை சவரம் செய்துகொண்டே சன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்மேட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடடா, நல்ல உவமை என்று தோன்றியது. அவ்வளவுதான். அந்தச் சன்னலுக்குக் கடவுள் வரவே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

எமல்டா கையில் பிஸ்கட். அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். அம்மா வரவில்லை. பிஸ்கட்டை மடியில் வைத்தாள். சத்தமில்லாமல் சிலுவை போட்டாள். கைகளைக் குவித்து, கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. அண்ணன் சொல்லிக்கொடுத்த சாப்பாட்டுச் செபம்.

சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். அதன் கண்கள் நேராக அவள்மீதே இருந்தன.

உபதேசியார் பதறி எழுந்தார். படத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே போய், தன் முழு உடம்பாலும் மறைத்துக்கொண்டு நின்றார்.