எலி இறுக்கிய வலை

இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. ஓடங்களுக்கு நடுவே, இரு பக்கமும் கயிற்றால் கட்டிய ஒரு வலை. அதன் மேல் ஓர் எலி குடியிருந்தது.

வலை தொட்டில் மாதிரித் தொய்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலையும் அதற்குள் புகுந்து எலியை உருட்டிவிட்டுப் போனது.

"அண்ணே, உங்க பக்கத்துக் கயித்தை இழுத்துப் பிடிங்களேன். நேத்தே கடலோட போயிருப்பேன்" என்றது எலி, இடது ஓடத்திடம்.

"நான் இறுக்கிப் பிடிச்சா அவன் சும்மா மிதப்பான். பாரமெல்லாம் என் தலையில விழும். முதல்ல அவன் இழுக்கட்டும்."

வலது ஓடமும் அதையேதான் சொன்னது. "அவன் பேசாம இருக்கிறதைப் பார்த்தியா? என்னமோ திட்டம் வெச்சிருக்கான்" என்றும் சேர்த்துக்கொண்டது.

அடுத்த அலையில் எலி வலையின் ஓரத்தில் ஒற்றைக் காலால் தொங்கியது. இனிக் கேட்டுப் பயனில்லை. ஓடங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தபோது, அது இரண்டு பக்கக் கயிறுகளையும் பல்லால் கவ்வி, கண்ணி கண்ணியாக இழுத்து முடிச்சுப் போட்டது. வலை விறைத்து நின்றது. அலைகள் வலைக்கு அடியிலேயே போயின. எலி காய்ந்த வலையில் படுத்துத் தூங்கிவிட்டது.

இடது ஓடம் கயிற்றை உற்றுப் பார்த்தது. "தம்பி, இதுல பல் தடம் இருக்கு."

"என் பக்கமும் இருக்கு அண்ணே! அறுக்கப் பார்த்திருக்கு."

"இப்ப தூங்குற மாதிரி நடிக்குது பாரு."

"எதுக்கும் முடிச்சை அவிழ்த்துடுவோம்."

தூரத்தில் ஓர் அலை எழுந்தது. இரண்டு ஓடங்களும் முதல் தடவையாகச் சேர்ந்து, ஒரே நேரத்தில், கயிற்றைத் தளர்த்தின.