சிவப்புத் துணிக் குச்சி

“அந்தக் குச்சிக்கு ஐநூறு ரூபா தரேன்யா பாவாட. என்கிட்ட குடுத்துட்டு, பாலம் வேணும்னு கைய தூக்கு.”

மண்டி முதலாளி நாராயணசாமி எந்தப் பேரத்தையும் கால் விலையில்தான் தொடங்குவார். இரண்டு முழ மூங்கில் குச்சிக்கு அவர் ஐநூறில் தொடங்கியதும், பள்ளிக்கூட மைதானத்தில் கூடியிருந்த சனம் வாயைப் பிளந்தது.

“விக்கறதுக்கு இல்லீங்க” என்றார் பாவாடை.

நைனார்பாளையம் போகும் வழியில், ரயில் மேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கவழி. மாட்டுவண்டிக் காலத்தில் கட்டியது. நடுவில் வளைவு இருப்பதால் இந்த வாயிலில் நிற்பவருக்கு அந்த வாய் தெரியாது. உள்ளே கரும்பு டிராக்டரும் பஸ்ஸும் எதிரெதிரே முட்டிக்கொண்டால், யார் பின்னால் போவது என்பதிலேயே பாதிப் பகல் போய்விடும்.

அதனால் மேற்கு வாயிலில் பாவாடை நிற்பார், கிழக்கு வாயிலில் காசியம்மாள். இந்தப் பக்கத்துக் கடைசி வண்டியிடம் பாவாடை சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் கொடுத்தனுப்புவார். அது காசியம்மாள் கைக்குப் போனதும் அங்கிருந்து வண்டிகள் கிளம்பும். அவற்றில் கடைசி வண்டியோடு குச்சி திரும்பி வரும். டிரைவர்கள் போடும் சில்லறைதான் கூலி.

சுரங்கத்தை மூடிவிட்டு மேலே பாலம் கட்டலாமா என்று கருத்துக் கேட்க என்ஜினீயர் சிவசங்கர் வந்திருந்தார். ஒரே ஓர் ஆட்சேபம் இருந்தாலும் ஃபைல் திரும்பி வந்துவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான், பாலம் வேண்டாமென்று நின்ற பாவாடையின் குச்சிக்கு இந்த விலை. குச்சிக்காரர்கள் இருவரும் கூட்டத்துக்கு வந்துவிட்டதால், சுரங்கத்தின் இரண்டு பக்கமும் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன.

“வேலை போயிடும்னு பயப்படறீங்களா பெரியவரே? பாலத்துல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்றேன்” என்றார் சிவசங்கர்.

“வேலைக்கு இல்லீங்க சார். கரும்பு வெட்டியாச்சும் பொழச்சிக்குவேன்.”

“அப்புறம் என்ன?”

“குச்சி வராதுங்களே.”

சனம் கொல்லென்று சிரித்தது. நாராயணசாமி மட்டும் சிரிக்காமல், “ஆயிரம்” என்றார்.

டிராக்டர் ஓட்டும் முனியன் எழுந்தான். “இன்னா மாமா இது? எடஒதுக்கீட்டு மறியல்ல புளியமரத்த வெட்டிப் போட்டு ரோட்ட மறிச்ச. ரெண்டு வருசந்தான் ஆவுது, இப்ப பாலத்த மறிக்கிற. மறிக்கறதே பொழப்பாப் போச்சா உனக்கு?”

பாவாடையின் விரல்கள் குச்சியை இறுக்கின.

“மறிச்சத தப்புன்னு சொல்லமாட்டன்டா. நம்ம புள்ளைங்க படிப்புக்கோசரம் வெட்டனது. ஆனா அந்த மரத்துக்கு அந்தாண்ட நின்ன பஸ்ல ஒருத்தங்க எலவனாசூர்கோட்டைக்கு சாவுக்குப் போய்க்கினு இருந்தாங்க. எறங்கி வந்து கெஞ்சனாங்க. கூட்டம் பாக்குதேன்னு, யாரா இருந்தாலும் வழி இல்லன்னுட்டேன். நடந்தே போனாங்க. போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. கடசியா மொகத்த பாக்க முடியல.”



“அதுக்கும் இந்தக் குச்சிக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் சிவசங்கர்.

பாவாடை குச்சியின் துணியை நீவிவிட்டார். அவர் வீட்டில் தனியாள். ஒரு வேளை பொங்குவார், மூன்று வேளை தின்பார். பேச்சென்று அவர் காதில் விழுவது டிரைவர்களின் வசவுதான். குச்சி அந்தப் பக்கம் போயிருக்கும் நேரமெல்லாம் சுரங்கத்தின் இருட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருப்பார். துணி கிழிந்து போனால் தையலோடு திரும்பி வரும். இருமிக்கொண்டே நின்ற ஒரு மழைநாளில், துணி முடிச்சுக்குள் ஒரு துண்டு சுக்கு இருந்தது. எதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“சரி, நேரமாச்சு. பாலம் வேணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க.”

கிளார்க் எண்ணினார். இருநூற்றுப் பத்து.

“வேண்டாம்ங்கறவங்க?”

பாவாடை குச்சியோடு கையைத் தூக்கினார்.

“சார், ஒண்ணுன்னு எழுதிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க” என்று நாராயணசாமி பதறினார். “யோவ், ரெண்டாயிரம்யா! மூங்கில் தோப்பே வாங்கலாம்!”

“ஆமா சார், ஒண்ணுன்னு எழுதாதீங்க. ரெண்டுன்னு எழுதுங்க.”

பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. காசியம்மாள் எழுந்து கையைத் தூக்கி நின்றாள். பாவாடை இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாராயணசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேரம் எப்போது முடிந்தது என்பது வியாபாரிக்குத் தெரியும்.

“உங்களுக்கு என்னம்மா ஆட்சேபம்?”

“அதே ஆட்சேபந்தான். குச்சி வராது.”

“பேரு?”

“காசியம்மா.”

“வீட்டுக்காரர் பேரு?”

அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“எழுதணும்மா, சொல்லுங்க.”

“அந்த பஸ்ல எங்கம்மா சாவுக்குப் போனவ நான்தான் சார்” என்றாள் காசியம்மாள். “வழி இல்லன்னு சொன்னவுரு, தோ, குச்சியத் தூக்கிக்கினு நிக்கறாரு. அவுரு பேர எழுதிக்கங்க.”

கிளார்க் கணக்கை முடித்தார்: வேண்டும், இருநூற்றுப் பத்து, வேண்டாம், புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு. அந்த இரண்டு பேருக்குள் இரண்டு வருஷப் பேச்சு மட்டும் இன்னும் பாக்கி.