சீட்டைப் பிடித்த கை

மேலாளர் சைக்கிளில் வந்து இறங்கியதும் அலுவலகமே வாசலில் நின்று கைதட்டியது. ஊர்க் காற்றில் புகை சேர வேண்டாம் என்று அலுவலகக் காரையே விட்டவர் ஆயிற்றே!

“இந்த வயசுல எப்படி சார் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் காசாளர்.

“ஒரு மாசமா தினமும் காலையில மைதானத்துலதான். நான் விழாம இருக்க, ஒருத்தர் சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடி வந்தாரு.”

“யாரு சார், வீட்டம்மாவா?”

“அவ சிரிச்சே தள்ளி விட்டிருப்பா. நம்ம டிரைவர்தான்! எங்க, ஆளையே காணோம்?”

கைதட்டியவர்களுக்குப் பின்னாலிருந்து பியூன் முன்னால் வந்தார்.

“நேத்தோட அவர் வேலை முடிஞ்சுது சார். கார் வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுத்த அன்னிக்கே, தலைமை ஆபீஸ்ல ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டாங்க.”

“அப்போ, ஓடி வர்றப்போ அவருக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். சொன்னா நீங்க விழுந்துடுவீங்கன்னாரு.”