மீதி செல்லாது

ஜவுளிக்கடையில் பில் போட்ட பெண் கிஃப்ட் கார்டைத் திருப்பித் தரவில்லை. மேசைக்கு அடியிலிருந்த டப்பாவில் போட்டுவிட்டாள்.

“அதுல இன்னும் காசு இருக்குதுங்களே,” என்றாள் இவள்.

“ஒரே பில்லுக்குத்தான் செல்லுங்கக்கா. மீதி கழிஞ்சு போயிரும்.”

சேலை பைக்குள் போயாகிவிட்டது. பையின் வாய்க்கு ஸ்டேப்ளர் பின் அடித்தும் ஆகிவிட்டது.

கார்டில் அறுநூற்றுச் சொச்சம் மிச்சம்.

தெரிந்திருந்தால் ஒரு உள்பாவாடையோ, வீட்டுக்காரருக்கு ஒரு வேட்டியோ சேர்த்து எடுத்திருப்பாள். சேலை எடுத்துக் காட்டியவனும் சொல்லவில்லை, பில் போட்டவளும் சொல்லவில்லை.

“பின்னால போட்டிருக்குதுங்கக்கா.”

டப்பாவிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண். பொடிப்பொடியாக இங்கிலீஷ்.

கார்டு அண்ணன் கொடுத்தது.

தை மாசம், அப்பாவின் காட்டையும் வீட்டையும் அண்ணன் பேருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நாலு ஏக்கர் விளைநிலம். வற்றாத கிணறு. சார்பதிவாளர் தலையை நிமிர்த்தி, “முழுச் சம்மதந்தானம்மா?” என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் தலையாட்டினாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் அண்ணி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு இந்தக் கார்டையும் வைத்து நீட்டினாள். பிறந்த வீட்டுச் சீர்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“மேனேஜரக் கூப்பிடுங்,” என்றாள் இப்போது.

குரல் உரக்க வந்தது. அவளுக்கே அது புதிதாக இருந்தது.

பின்னால் வரிசை நீண்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, “சின்னக் காசுதானுங்க, உடுங்கக்கா,” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். இவள் திரும்பிப் பார்த்த பார்வையில் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மேனேஜர் வந்தான். கழுத்தில் டை. அவள் மகன் வயதுதான் இருக்கும்.

“கம்பெனி ரூல்ஸ்ங்கம்மா.”

“ரூபா குடுத்து வாங்குன கார்டுதானுங்? கடன் கேக்கறனா? ஓசி கேக்கறனா?”

“நீங்க சொல்றது சரிதாங்கம்மா.”

“சரின்னா குடுங். எம்பட காசை நீங்க எப்படி வெச்சுக்குவீங்க?”

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்துக்கு வைத்திருந்த நோட்டு உள்ளங்கைக்குள் கசங்கி ஈரமாகிவிட்டது.

மேனேஜர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். முகம் தெளிந்திருந்தது.

“ஒரு வழி இருக்குதுங்கம்மா. கார்டு வாங்குனவரு போன்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மீதிய அவரு கணக்குலயே திருப்பிப் போட்டுர்றோம்.”

“அவரு கணக்குலயா?”

“ஆமாங்க.”

“எனக்குன்னு குடுத்த கார்டுங்க இது.”

“கார்டு உங்களுதுங்கம்மா. காசு அவருது.”

பணிவாகத்தான் சொன்னான்.

அவள் கசங்கிய நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார். விவரம் கேட்டதும் சிரித்தார்.

“இதுக்கா அம்மிணி கூப்புட்ட? போனாப் போகுது உடு. அந்தச் சில்லறைக்குப் போயி நாலு பேரு முன்னால நின்னுட்டிருக்கற. கௌம்பு, வெயிலுக்கு முந்தி ஊடு போய்ச் சேரு.”

அவள் ‘சரிங்கண்ணா’ என்று சொல்ல வாயெடுத்தாள். ஐம்பது வயது வரை அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

இன்று அதைச் சொல்லவில்லை.

பத்திரம் பதிவாகிவிட்டது. பட்டாவும் மாறிவிட்டது. இனி கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அண்ணா, சேலைக் காசு கெடக்கட்டும். நம்ம காடு இப்ப ஏக்கரு என்ன வெலைக்குப் போகுதுங்?”

அந்தப் பக்கம் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா வெட்டிய கிணற்றுத் தண்ணீர்.

மேனேஜர் கையை நீட்டினான், தானே பேசுவதாக. அவள் தரவில்லை.

“ருக்மணி,” என்றார் அண்ணன்.

எப்போதும் போல அம்மிணி என்றில்லை. ருக்கு என்றுமில்லை.

அவள் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

“சொல்லுங்,” என்றாள்.